பதினேழாம் எண் பல்சக்கரம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்திருப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். டிராஃபிக் போலீஸ் மாதிரி இருந்தது. கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. அந்தக் கையுறை என்னை இரண்டு வருடம் முட்டாளாக வைத்திருந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அருங்காட்சியக வேலையைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. எதிலும் இந்த மாதிரி விஷயம் இருக்காது. எழுதினால் எழுதியவருக்கு அவமானம் என்று விட்டிருப்பார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், எனக்கென்ன.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் நான். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்ரைட்டரைத் தூக்கி மேல்மாடியில் வைத்தார்கள். பின்னாலேயே என்னையும் அனுப்பிவைத்தார்கள். ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாடப் போடுகிற மாடி அது. அந்த வேலை கீழ்த்தளத்துக்குப் போன பிறகு நீளமாகக் காலியாகக் கிடந்தது. அப்போதைய முதலாளிக்குப் பழைய சாமான்கள்மேல் ஒரு பிரியம். ஃபேக்டரியில் கழித்துப் போட்டவை, பக்கத்து எஸ்டேட்டுகளில் கேட்டு வாங்கியவை என்று ஐம்பது பொருட்களைச் சேர்த்து, வாசலில் அருங்காட்சியகம் என்று ஒரு பலகையும் மாட்டிவிட்டார். தேயிலைப் பெட்டிமேல் பெயர் அடிக்கிற பித்தளைத் தகடுகள், வேலை நேரத்துக்கு ஊதக் கையால் சுற்றுகிற சங்கு, டீ ருசி பார்ப்பவர்கள் துப்புகிற பித்தளைப் படிக்கம், நான் தட்டித் தேய்த்த டைப்ரைட்டர் எல்லாம் அங்கே இருந்தன. காப்பாளர், கணக்கர், பெருக்குகிறவர் மூன்று பேரும் நான்தான்.

இருந்ததிலேயே பெரியது ரோலர். வாடிய கொழுந்தை முறுக்குகிற இயந்திரம். பார்க்க ஒரு பெரிய வட்ட மேசை மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் தாம்பாளம் அளவுக்கு ஓர் இரும்புப் பல்சக்கரம். இதே கம்பெனி செய்த இதே மாதிரி ரோலர் ஒன்று கீழே ஃபேக்டரியில் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது.

எங்கள் பொருட்களுக்கெல்லாம் எண் உண்டு. பாகங்களுக்குக்கூடத் தனி எண், எல்லாம் சேர்த்து அறுபது. வெள்ளைப் பெயிண்டால் சின்னதாக நானே எழுதியிருப்பேன். பல்சக்கரத்துக்குப் பதினேழு. மாதம் ஒரு தரம் கையுறை மாட்டிக்கொண்டு துடைத்து, துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் போடுவேன். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பதிவேட்டில் அதன் நிலைமையை எழுதுவேன். மற்ற இரும்புச் சாமான்கள் எங்கள் மூடுபனியில் என்ன செய்தாலும் செம்மண் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பதினேழு மட்டும் போகவில்லை. ‘துரு சிறிதும் இல்லை. மிகச் சிறந்த நிலை’ என்று நான்கு தரம் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். ஊட்டியில் நடந்த ஒரு கூட்டத்தில், எண்ணெய் ஒழுங்காகப் போட்டால் இரும்பு எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணமாக அந்தச் சக்கரத்தின் போட்டோவைத் திரையில் காட்டிப் பத்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள்.

பிறகு அந்த முதலாளி காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். எல்லாம் மேனேஜர் கைக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. தேயிலை தெரிந்தவர், பழைய சாமானைக் கண்டால் மட்டும் கொட்டாவி வந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து மாடிக் கூரையின் தகரம் ஓட்டையாகிப்போனது. மழைக்கு அங்கங்கே வாளி வைப்பேன். வாளிகளுக்கும் எண் போட்டுவிடலாமா என்று யோசித்த நாட்கள் உண்டு.

ஒரு நாள் வெளியூரிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து மாடியை அளந்தார்கள். டூரிஸ்டுகளுக்கு அறை கட்டப் போகிறார்களாம். சாமான்களை அங்கங்கே அலங்காரமாக வைத்துக்கொள்வார்களாம். ரோலர்மேல் ஒரு கண்ணாடி போட்டால் அருமையான டைனிங் டேபிள் ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நேரே மேனேஜரிடம் போய் நின்றேன்.

“ஏனுங்மா, நானா வேண்டாங்கறேன்? கூரைக்கு யாராச்சும் உதவி செஞ்சா மியூசியம் பாட்டுக்கு இருக்கட்டுங்க. இல்லீன்னா ஓட்டைத் தகரத்த வெச்சுட்டு நான் என்ன பண்றது?” என்றார்.

சென்னையில் பழைய தொழிற்கருவிகளைக் காப்பாற்ற உதவுகிற ஓர் அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டேன். ஒரு அம்மா நேரில் வந்து பார்ப்பார், அவர் சொல்வதை வைத்து முடிவு செய்வோம் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அந்த அம்மா சரி என்றால் கூரை. இல்லை என்றால் டைனிங் டேபிள்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஃபிட்டர் மாடிக்கு வந்தார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது; ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எதையும் ஓட வைத்துவிடுவார். ஓடாத இயந்திரத்தைக் கண்டால் அவருக்குப் பரிதாபம் வந்துவிடும். என் மாடிக்கு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அன்று முகம் இன்னும் மோசமாக இருந்தது.

“ஏனுங்க அக்கா, கீழ ரோலர் நின்னு போச்சுங்க. சக்கரத்துல மூணு பல்லு உடைஞ்சு போச்சு.”

மே மாதம். கோடை மழைக்குப் பிறகு கொழுந்து கொட்டுகிற நேரம். மற்ற ஃபேக்டரிகளிலும் இடமில்லை.

“கோயமுத்தூர்ல ஒரு ஃபவுண்டரில புதுசா வார்த்துத் தர்றேங்கறாங்க. ஆனா மாதிரிக்கு முழுசா ஒரு சக்கரம் வேணுமாம். உடைஞ்சத வெச்சு அச்சு எடுக்க முடியாதாங்க. வாரத்துக்கு ஒரு நாள்தான் வார்ப்பாங்களாம். நாளைக்குக் காலைல உட்டா அடுத்த வாரந்தானுங்க. நாலு மணிக்கு லாரி கீழ போகுது.”

அவர் பார்வை பதினேழின்மேல் போய் நின்றது. நான் எழுந்து குறுக்கே நின்றுகொண்டேன். எண் போட்ட பொருள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியைச் சொன்னேன். நாளைக்கு வரப்போகும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். இவ்வளவு நல்ல நிலையில் இருக்கும் ஒரு சக்கரம் இந்த மலையிலேயே வேறெங்கும் கிடையாது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் காதைச் சொறிந்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. அது இரும்பு இல்லீங்க.”

“என்னது?”

“சில்வர் ஓக்கு மரமுங்க.”

கையுறையைக் கழற்றிவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். ‘டொக்’ என்றது. யாரோ வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணத்துக்கு நான் பத்து நாள் லீவில் போயிருந்தபோது கீழே ரோலரின் சொந்தச் சக்கரம் உடைந்திருக்கிறது. அப்போதும் கொழுந்து கொட்டுகிற நேரம். ஃபிட்டர் மாடிக்கு வந்து பதினேழைக் கழற்றிக்கொண்டு போய்க் கீழே மாட்டிவிட்டார். காற்றில் சாய்ந்த ஒரு சில்வர் ஓக்கிலிருந்து துண்டு வெட்டி, அச்சு அசலாக ஒரு சக்கரம் செதுக்கி, கிரீஸும் கிராஃபைட் பொடியும் தேய்த்து என் ரோலரில் மாட்டிவிட்டார். எண்ணையும் எழுதியிருந்தார். என் ஏழு கொஞ்சம் கூன் போட்டிருக்கும். அந்தக் கூன்கூட அப்படியே இருந்தது. இத்தனையும் செய்துவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு வந்து, கல்யாணப் பந்தியில் மூன்று தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்த மனிதர் இவர்.

“நாலு நாள்ல திருப்பி மாட்டீரலாம்னுதானுங்க நெனச்சேன். அது நல்லா ஓடுச்சுங்களா, அப்படியே உட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்லோணுங்க. மாசா மாசம் நீங்க எண்ணெய் போட்டீங்க பாருங்க, அதனாலதான் மரம் வெடிக்காம இருக்குது.”

பாராட்டுகிறாராம். அப்படியானால் கீழே இப்போது பல் உடைந்து கிடப்பதுதான் என் பதினேழு. அவர்மேல் எனக்கு வந்த கோபம் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. என்மேல் வந்த வெட்கம் அடங்கவில்லை. நான்கு தரம் பதிவேட்டில் எழுதியிருக்கிறேனே! நான் துணியைப் பார்த்தேன், எண்ணெய் டப்பாவைப் பார்த்தேன், பதிவேட்டைப் பார்த்தேன். சக்கரத்தை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள் வெறுங்கையால் தொட்டிருந்தால் போதும். எங்கள் குளிரில் இரும்பும் மரமும் ஒன்றாக இருக்காது.

ஜன்னலுக்குக் கீழே கேட்டில் பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. சொந்தமாக ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் படகர் விவசாயிகளின் கொழுந்து மூட்டைகள். செக்யூரிட்டி ஒவ்வொரு வண்டியாகக் கையைக் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். பறித்த கொழுந்து ஒரு வாரம் காத்திருக்காது. மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்து போகும். அச்சு எடுக்க மரமே போதுமாம். மரச்சக்கரத்தைக் கொடுத்தால் நாளைக்கு என் ரோலரில் ஓட்டை. கொடுக்காவிட்டால் அந்த வண்டிகள் வாரம் முழுக்கத் திரும்பிப் போகும்.

கொடுத்தேன். அதற்காக நான் இன்று வரை வருத்தப்படவில்லை. அடுத்துச் செய்ததற்குத்தான் வருத்தப்படுகிறேன்.

“நாளைக்கு ஒரு பொழுதுதானுங்க அக்கா? தெர்மாகோல்ல ஒண்ணு பண்ணி மாட்டீரலாம்” என்றார் ஃபிட்டர்.

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்றிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். “பல்லு எண்ணிக்கை சரியா வரணும்” என்றுதான் வந்தது.

கேன்டீனுக்குப் புதிதாக வந்த ஃப்ரிட்ஜின் தெர்மாகோல் அட்டைகளை வாங்கி வந்தோம். அவர் அறுத்தார், நான் பல்லை எண்ணினேன். கறுப்பு எனாமல் பெயிண்ட் பூசினோம். பூசிய இடமெல்லாம் கண்ணெதிரே அப்பளம் மாதிரி சுருங்கி உள்ளே போனது. தெர்மாகோலை எனாமல் தின்றுவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து இன்னொன்று அறுத்து, கேன்டீன் கஞ்சியில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசினோம். ஒன்பதரைக்குக் காய்ந்துவிட்டது. கடவுளே, மரத்தை விட நன்றாக இருந்தது. பதினேழு என்ற எண்ணை இந்தத் தடவை நானே என் கையால் எழுதினேன்.

அந்த அம்மா சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். காட்டன் புடவை, பெரிய குடை, அதிகம் பேசாத வாய். என் திட்டம் எளிமையானது. ரோலருக்கு வருவதற்குள் அவரைக் களைப்படையச் செய்துவிட வேண்டும். பித்தளைத் தகடுகளுக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். படிக்கத்தில் எப்படித் துப்புவார்கள் என்று, எந்த மனிதருக்கும் தேவைப்படாத அளவுக்கு விளக்கினேன். அவர் களைக்கவில்லை. ரோலர் முன்னால் வந்து நின்று குறிப்பெடுக்கத் தொடங்கினார். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

கூரையில் இருந்ததிலேயே பெரிய ஓட்டை ரோலருக்கு நேர் மேலே. வழக்கமாக அங்கே ஒரு வாளி இருக்கும். அன்று பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று எடுத்துவிட்டிருந்தேன். முதல் சொட்டு சக்கரத்தின் உச்சிப் பல்லில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. கஞ்சியில் குழைத்த கரி ஒரு கறுப்புக் கோடாக இறங்கி, தரையில் சொட்டியது. பின்னால் வெள்ளை தெரிந்தது.

அவர் பேனாவை மூடினார். “அம்மா, உங்க இரும்பு கரையுது” என்றார்.

நாக்கில் இரண்டு மூன்று கதைகள் வந்தன. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய மருந்து என்று ஒன்று, அசல் சுத்தம் செய்யப் போயிருக்கிறது என்று ஒன்று. கறுப்புத் தண்ணீர் என் செருப்பு வரை வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மகள் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தேன், பாயசத்தைக்கூட விடவில்லை.

அவர் சிரிக்கவில்லை. “அசல் எங்க?” என்று மட்டும் கேட்டார். கீழே அழைத்துப் போனேன். ஃபிட்டரின் மேசைமேல் அது கிடந்தது. மூன்று பல் இல்லை. மீதிப் பற்களின் முனை தேய்ந்து பளபளவென்று இருந்தது. கிரீஸைத் துடைத்தால் நடுவில் என் கூன் விழுந்த ஏழு.

ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “தப்பு என்னுதுங்க மேடம். அக்காவுக்கு நேத்து வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க.”

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னார், பாவம். எனக்கு வேட்டு வைக்க அது ஒன்றே போதுமாக இருந்தது.

அந்த அம்மா தேய்ந்த பற்களின்மேல் விரலை ஓட்டினார். “இதையே மேல வெச்சிருந்தீங்கன்னா, இது பக்கத்துலயே நான் ஒரு மணி நேரம் நின்னிருப்பேன்” என்றார். குடையை எடுத்துக்கொண்டார். “உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா தெர்மாகோலையும் நான் பார்த்துட்டேன் இல்லையா?”

அவர் கார் போன பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம். ஃபிட்டர் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு படி கீழே நின்றுகொண்டார். டீ ஆறிப்போகும் வரை அங்கேயே நின்றார்.

புதுச் சக்கரம் நான்காவது நாள் வந்தது. கீழே ரோலர் ஓடியது, கேட்டில் வண்டிகள் திரும்பிப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அறக்கட்டளையின் கடிதமும் வந்தது, ஆங்கிலத்தில்.

“நீங்களே படிச்சுச் சொல்லீருங்மா, கண்ணாடிய ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்” என்றார் மேனேஜர்.

‘இல்லை என்று சொல்லிவிட்டார்கள்’ என்று முடித்திருக்கலாம். காரணங்களை விழுங்கியிருக்கலாம். ஆனால் தெர்மாகோலுக்குப் பிறகு எனக்கு விழுங்குகிற தெம்பு இல்லை. வரிக்கு வரி தமிழில் சொன்னேன். காட்சியில் இருந்த சக்கரம் கழற்றப்பட்டு இரண்டு வருடம் ஃபேக்டரியில் ஓடியிருக்கிறது, காப்பாளருக்கு அது தெரியவில்லை, ஆகையால் உதவி செய்வதற்கில்லை.

மேனேஜர் கையை உயர்த்தினார். “நில்லுங்க, நில்லுங்க. ரெண்டு வருசம் நம்ம ரோலர் ஓடுனது மேல இருந்த சக்கரத்துலயா?”

“ஆமாங்க சார்.”

“அந்த ரோலருக்குச் சாமான் எங்கியும் கெடைக்காதுன்னு நான் எத்தன பேரக் கேட்டுச் சலிச்சேன் தெரியுங்களா?” நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அப்ப மேல இருக்கறதெல்லாம் ஓடுமா?”

லீவு சீட்டில் கையெழுத்து வாங்க வந்த ஃபிட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். டைனிங் டேபிள் ஒரு நொடி என் கண் முன்னால் வந்து போனது.

“ஓடுமுங்க சார்” என்றேன்.

“தொட்டா ஓடுமுங்க” என்றார் வாசலிலிருந்து ஃபிட்டர்.

அந்த மேனேஜர் முதல் தடவையாகக் கொட்டாவி விடாமல் மாடியைச் சுற்றிவந்தார். ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். படிக்கத்தைக் காட்டி “இதுவுங்களா?” என்று கேட்டார். “அது ஓடாதுங்க சார், துப்பறதுக்கு” என்றார் ஃபிட்டர். மேனேஜர் அங்கிருந்தே, டேப் கொண்டுவந்தவர்களுக்குப் போன் போட்டார். “டேபிளா? ஏனுங்க, அதெல்லாம் ஃபேக்டரி ஸ்பேருங்க. ஒரு போல்ட்டுகூடத் தர முடியாது.” அடுத்த பெருமழைக்கு முன்னால் கூரைக்குப் புதுத் தகரம் வந்துவிட்டது. மாடிக் கதவுக்கு ஒரு பூட்டும் போட்டு, சாவியை என் கையில் கொடுத்து, ஃபிட்டரிடம்கூடத் தரக்கூடாது என்றார்.

உடைந்த சக்கரத்தைத் திரும்ப ரோலரில் மாட்டினேன். நடந்தது அத்தனையையும் ஒரு அட்டையில் எழுதிக் கீழே வைத்தேன். ஃபவுண்டரியிலிருந்து மண் அப்பித் திரும்பிவந்த மரச்சக்கரத்துக்கு அறுபத்தொன்று என்று எண் போட்டு, ஃபிட்டர் பெயரையும் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். வருகிறவர்கள் மற்றதை விட்டுவிட்டு அங்கேதான் கூட்டமாக நிற்கிறார்கள். சென்னை அம்மா சொன்னது சரி. அதை அன்று காலையிலேயே செய்திருந்தால் இந்தப் பாடெல்லாம் பட்டிருக்க வேண்டாம்.

கையுறையைப் பற்றியும் தெர்மாகோலைப் பற்றியும் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டையும் தூக்கி எறியுங்கள். மேனேஜரிடம் சொன்ன பதிலைப் பற்றி மட்டும் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உண்மையைச் சொல்லிக் கூரையை இழந்தவள் நான். பொய்யைச் சொல்லி வாங்கியவளும் நான்தான். ஓய்வு பெற்ற அன்று ஃபிட்டரும் நானும் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். உண்மையில் ஓடக்கூடியவை நான்கு. அதில் ஒன்று சுவர்க் கடிகாரம்.

மேனேஜர் இதைப் படித்துவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். தேயிலை ஏல விலையைத் தவிர அவர் எதையும் படிப்பதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தரம் மாடிக்கு வருவார். நிமிர்ந்து தகரத்தைப் பார்ப்பார், குனிந்து சாமான்களைப் பார்ப்பார், பிறகு புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்து, “எல்லாம் ஓடுமுங்களா?” என்று கேட்பார். ஃபிட்டரும் ஓய்வு பெற்றுவிட்டார். வாசலில் நின்று எடுத்துக்கொடுக்க ஆள் இருக்காது. தயங்காமல், அவர் கண்ணைப் பார்த்து, ஓடும் என்று சொல்லுங்கள்.